நகரத்தை ஒட்டிய நிலம் ஏன் சும்மா கிடக்கிறது? வான் தூனென் வட்டங்கள் பற்றி ஒரு சந்தேகம்

#1 · கோட்டுப்படம்

வணக்கம். மானிடப் புவியியலில் வேளாண் நிலப் பயன்பாடு பகுதியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வான் தூனென் 1826இல் சொன்ன வட்டங்கள் இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நடுவில் நகரம், அதை ஒட்டி காய்கறியும் பாலும், அடுத்து விறகுக்காடு, அப்புறம் தானியம், கடைசியில் மேய்ச்சல். நகரத்தை நெருங்க நெருங்க நிலத்தை இன்னும் தீவிரமாகப் பயிரிடுவார்கள் என்பதுதான் சாரம்.

ஆனால் செயற்கைக்கோள் படத்தில் வளர்ந்துவரும் எந்தப் பெரிய நகரத்தின் ஓரத்தைப் பார்த்தாலும் களை மண்டிய வெற்று நிலம்தான் பட்டை பட்டையாகத் தெரிகிறது. இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால்தான் ஒழுங்கான வயலே வருகிறது. பாடத்துக்குத் தலைகீழாக இருக்கிறதே! இந்த வட்ட மாதிரி (model) காலாவதி ஆகிவிட்டதா, இல்லை நான் பார்க்கும் விதம் தவறா?

#2 · ஏர்முனை

குளிர்பதன லாரி ஓட ஆரம்பித்த அன்றே அந்த மாதிரி செத்துப்போய்விட்டது. தேர்வில் வட்டம் போட்டு வண்ணம் அடித்து மார்க் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

#3 · புவிவகுப்பு

ஏர்முனை சார், அவ்வளவு அவசரமாக அடக்கம் செய்துவிடாதீர்கள்.

கோட்டுப்படம், முதலில் வட்டங்களை மறந்துவிட்டு அவை எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். வான் தூனென் நாற்காலிப் பொருளாதார அறிஞர் மட்டும் இல்லை. வட ஜெர்மனியில் ரோஸ்டாக் நகருக்குத் தெற்கே டெல்லோ என்ற பண்ணையை 1810இல் வாங்கி நடத்தியவர். எந்த வயலில் எத்தனை ஆள் வேலை, எத்தனை வண்டி எரு, வண்டி சந்தைக்குப் போய்வர எத்தனை நாள் என்று வருடக்கணக்கில் ஏடு எழுதினார். அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான் அவருடைய சூத்திரம். விளைச்சலை விற்ற காசில் சாகுபடிச் செலவையும் வண்டிச் செலவையும் கழித்தால் அந்தத் துண்டு நிலத்துக்கு என்ன மிஞ்சும்? எந்தப் பயன்பாடு அதிகம் மிச்சம் தருகிறதோ அது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

வண்டிச் செலவு என்றால் அந்தக் காலத்தில் குதிரைத் தீனி. வண்டியில் ஏற்றிய தானியத்தையே வழியில் குதிரைகளுக்குப் போட வேண்டும். ஒரு தூரத்துக்கு அப்பால் போய்வரும் தீனியே சுமை முழுவதையும் தின்றுவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். விறகுக்காடு இரண்டாவது வட்டத்தில் இருப்பதைப் பார்த்து இன்று பலர் சிரிக்கிறார்கள். நகரம் முழுக்க விறகில் சமைத்து விறகில் குளிர் காய்ந்த காலம் அது. எடையோ அதிகம், விலையோ குறைவு. தள்ளி வைத்தால் கட்டுப்படியாகாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கணக்கில் நிலத்துக்காகப் போட்டியிட்டவர்கள் எல்லோருமே ஏதாவது ஒரு விவசாயம் செய்கிறவர்கள். நகரம் வளராமல் அதே இடத்தில் நிற்கிறது. நகரம் வெளியே நகர ஆரம்பித்தால் போட்டிக்கு ஒரு புது ஆள் வருகிறார். அவருக்கு நிலத்தில் எதுவும் விளைய வேண்டியதில்லை. காத்திருந்தால் போதும்.

இதை 1967இல் ராபர்ட் சின்கிளேர் அமெரிக்க மத்திய மேற்கு நகரங்களை வைத்து எழுதினார். நகர ஓரத்தில் முதலில் துண்டு துண்டாகச் சிக்கிக்கொண்ட சிறு நிலங்கள். அவற்றில் பசுங்குடில், கோழிப்பண்ணை மாதிரி இடம் குறைவாகத் தேவைப்படும் தொழில்கள். அதை அடுத்து வெற்று நிலம், தற்காலிக மேய்ச்சல். அப்புறம் ஒரே பருவத்தில் முடிந்துவிடும் வயல்பயிர். அதற்கும் அப்பால் பால்பண்ணை. கடைசியில்தான் முழுமூச்சாக நடக்கும் தானிய, கால்நடைப் பண்ணைகள். ஏறக்குறைய நீங்கள் படத்தில் பார்த்தது.

காரணம் ரொம்ப எளிது. மூன்று வருடத்தில் விற்கப்போகிற நிலத்தில் யாராவது பழமரம் வைப்பார்களா? வடிகால் வெட்டுவார்களா? புது மாட்டுத்தொழுவம் கட்டுவார்களா? நில உரிமையாளர் நல்ல விலைக்குக் காத்திருப்பார். குத்தகைக்காரருக்கு வருடத்துக்கு வருடம்தான் ஒப்பந்தம். அவர் விதைத்த வருடமே அறுக்க முடிந்ததைத்தான் போடுவார், இல்லையென்றால் நாலு மாட்டை ஓட்டிவிடுவார்.

ஆகவே தூனென் சூத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிகம் மிச்சம் தருகிற பயன்பாடு இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயன்பாடு “காத்திருத்தல்” என்பதுதான் புதுசு.

#4 · நாற்றங்கால்

“காத்திருத்தலும் ஒரு பயிர்” என்று ரியல் எஸ்டேட்காரர்கள் பலகை வைக்கலாம் போலிருக்கிறது.

#5 · ஏர்முனை

புவிவகுப்பு மேடம், அது நகர ஓரத்துக்குச் சரி. நான் சொன்னது வேறு. தூரம் என்பதே இன்று கணக்கில் வராதபோது வட்டம் எங்கே இருக்கிறது? கென்யாவில் பறித்த ரோஜா விமானத்தில் ஏறி நெதர்லாந்து ஏலக்கூடத்துக்குப் போகிறது. சீக்கிரம் வாடுகிற பொருள் நகரத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பாடம். இதை எந்த வட்டத்தில் வைப்பீர்கள்?

#6 · தொலைவுமானி

ரோஜாவுக்கு அப்புறம் வருகிறேன். வட்டம் விரிந்த கதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இது எனக்குப் பிடித்த அட்டவணை.

1969இல் ரிச்சர்ட் பீட் என்ற புவியியலாளர் லண்டனை நடுவில் வைத்து, பிரிட்டன் இறக்குமதி செய்த வேளாண் பொருள்கள் சராசரியாக எவ்வளவு தூரத்திலிருந்து வந்தன என்று கணக்கிட்டார். 1831–35 காலத்தில் பழம், காய்கறிக்கு அந்தத் தூரம் பூஜ்யம். அதாவது வெளியிலிருந்து வரவே இல்லை. 1909–13இல் அதுவே 1,880 மைல். கோதுமை 2,430 மைலிலிருந்து 5,950 மைலுக்குப் போனது. எல்லாப் பொருளும் சேர்த்த சராசரி 1,820லிருந்து 5,880 மைல். நடுவில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள்: ரயில், நீராவிக் கப்பல், பிறகு குளிர்பதனம். 1882இல் நியூசிலாந்திலிருந்து ‘டனீடின்’ என்ற கப்பல் ஏறக்குறைய ஐயாயிரம் ஆட்டு உடல்களை உறைய வைத்து லண்டனில் கொண்டுபோய் இறக்கியது. அதற்கு முன் நியூசிலாந்து ஆட்டுக்கு லண்டனில் விலை கம்பளிக்கும் கொழுப்புக்கும்தான்.

இவ்வளவு விரிந்த பிறகும் வரிசை பெருமளவுக்கு அப்படியே நின்றது என்பதுதான் சுவாரசியம். காய்கறி, பழம் எல்லாவற்றையும்விடக் கிட்டே. வெண்ணெய், பாலாடைக்கட்டி அடுத்து. கம்பளியும் தோலும் ரொம்பத் தூரம். வட்டம் உடையவில்லை, கடல் தாண்டிப் போய்விட்டது.

இன்னொரு சின்ன விஷயம். அமெரிக்காவில் ஈரி (Erie) கால்வாய் 1825இல் திறந்தது. பஃபலோவிலிருந்து நியூயார்க் போகும் சரக்குக் கட்டணம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக விழுந்தது. பாவம் தூனென், அவருடைய நூல் அச்சாவதற்கு ஒரு வருடம் முன்பே குதிரை வண்டிக் கணக்கு ஆட்டம் காண ஆரம்பித்துவிட்டது!

ரோஜா: கென்யாவின் பூப்பண்ணைகள் பெருமளவு நைவாஷா ஏரியைச் சுற்றி இருக்கின்றன. ஏரித் தண்ணீர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் என்பதால் வெயில் சுடாது. நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் வருடம் முழுவதும் ஒரே அளவு பகல். இதெல்லாம் சரி. ஆனால் நைரோபியிலிருந்து சாலை வழியே சுமார் 90 கிலோமீட்டர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே உயரமும் தண்ணீரும் ஐந்நூறு கிலோமீட்டர் உள்ளே, மோசமான சாலையில் இருந்திருந்தால் ரோஜா போட்டிருப்பார்களா? அங்கே வட்டத்தின் நடுப்புள்ளி விமான நிலையம். தூரத்தை மணியில் அளக்கிறார்கள், அவ்வளவுதான்.

#7 · ஏர்முனை

நடுப்புள்ளியை இஷ்டத்துக்கு நகர்த்திக்கொண்டே போனால் எந்த மாதிரிதான் தோற்கும்?

#8 · தொலைவுமானி

நியாயமான அடி. ஆனால் அவர் கொடுத்தது ஒரு கணக்கு. சந்தை எங்கே இருக்கிறதோ அங்கே புள்ளியை வைத்துத்தான் அதைப் போட முடியும்.

#9 · வரப்போரம்

எல்லோரும் நகரத்துக்கு எவ்வளவு தூரம் என்றே பேசுகிறீர்கள். வயலுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை யாருமே கவனிக்கவில்லை. உலகில் பாதி இடங்களில் நிலப் பயன்பாட்டைத் தீர்மானிப்பது அதுதான்.

1962இல் மைக்கேல் சிஷோல்ம் இதைப் பற்றி விரிவாக எழுதினார். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தாண்டும்போதே உழைப்பு குறைவது தெரிய ஆரம்பிக்கும். மூன்று நான்கு கிலோமீட்டர் தாண்டினால் நடந்தே நாள் போய்விடும் என்பதால் பயிரையே மாற்ற வேண்டியிருக்கும். அடிக்கடி ஆள் தேவைப்படுகிற பயிர் கிட்டே, விதைத்துவிட்டு அறுப்புக்குப் போனால் போதும் என்கிற பயிர் தூரத்தில்.

இதில் எரு எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் பாருங்கள். தொழுவம் வீட்டோடு இருக்கிறது. சாணி கனமானது, ஈரமானது. கூடையில் சுமந்தோ வண்டியில் இழுத்தோ போகிறவர் முதல் வயலில் ஒரு கூடை அதிகமாகத்தான் கொட்டுவார். கடைசி வயலுக்கு மிஞ்சினால்தான் போகும். இது பத்து இருபது தலைமுறை நடந்தால் வீட்டைச் சுற்றிய மண் கறுத்து, பொலபொலவென்று ஆகிவிடும், ஓரத்து மண் வெளுத்தே கிடக்கும். பிறகு ஒரு மண் ஆய்வாளர் வந்து “நல்ல மண் இருந்த இடத்தில் ஊர் கட்டியிருக்கிறார்கள்” என்று எழுதிவிட்டுப் போவார். பல இடங்களில் ஊர் முதலில் வந்தது, நல்ல மண் அப்புறம்தான்.

ஸ்காட்லாந்தில் பழைய உள்வயல், வெளிவயல் முறை முழுக்க இதுதான். உள்வயலுக்கு எரு எல்லாம் போகும், வருடா வருடம் விதைப்பார்கள். வெளிவயலில் ஒரு பகுதியை மாடு அடைத்துத் தேற்றி, சில வருடம் பயிரிட்டு, பிறகு புல்லுக்கு விட்டுவிடுவார்கள். வட நைஜீரியாவில் கானோ நகரைச் சுற்றி இன்னும் அழகு. விறகும் தானியமும் ஏற்றிக்கொண்டு நகருக்குள் போன கழுதைகள், திரும்பும்போது நகரத்துக் குப்பையையும் எருவையும் சுமந்து வயலுக்கு வரும். வெறும் முதுகோடு திரும்புவானேன் என்ற கணக்கு. அதனால்தான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிலத்தைத் தரிசு போடாமலே வருடா வருடம் பயிரிட முடிந்தது.

#10 · ஏர்முனை

இது நல்ல பாயின்ட். அப்படியானால் சிதறிக் கிடக்கிற துண்டு நிலங்களை ஒன்று சேர்த்து, வீட்டையும் நிலத்துக்கு நடுவிலேயே கட்டிக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்? ஒரு குடும்பத்துக்குப் பத்து இடத்தில் பத்துத் துண்டு என்பது சுத்த நேர விரயம்.

#11 · வரப்போரம்

செய்துபார்த்திருக்கிறார்கள் சார். ஸ்வீடனின் தெற்கு மூலையில் ருட்கர் மாக்லீன் என்ற பிரபு 1780களில் தன் எஸ்டேட்டில் இருந்த ஊர்களைக் கலைத்தார். ஒவ்வொரு குத்தகைக் குடும்பத்துக்கும் சேர்ந்தாற்போல் ஒரே துண்டு, வீட்டை அங்கேயே கொண்டுபோய்க் கட்டிக்கொள்ள வேண்டும். பல குடும்பங்கள் விட்டுவிட்டே போய்விட்டன. ஆனால் விளைச்சல் கூடியது. 1803இல் அந்த மாகாணத்துக்கும், பிறகு நாட்டின் மற்றப் பகுதிகளுக்கும் அரசே அதைச் சட்டமாக்கியது. இன்று அந்தப் பகுதியை மேலிருந்து பார்த்தால் தனித்தனி வீடுகள் வயல்களுக்கு நடுவே தெளித்தாற்போல் இருக்கும். அந்தக் காட்சிக்குப் பின்னால் இருப்பது சட்டம்.

ஆனால் “நேர விரயம்” என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தின் இடைக்காலத் திறந்தவெளி வயல்களில் ஒரு குடியானவருக்கு இங்கே ஒரு பட்டை, அங்கே ஒரு பட்டை என்று நிலம் சிதறிக் கிடந்தது. 1970களில் மெக்லாஸ்கி என்ற பொருளாதார வரலாற்றாளர், அது காப்பீடு என்று வாதிட்டார். ஆலங்கட்டி மழை ஒரு சரிவில் அடிக்கும், இன்னொன்றில் அடிக்காது. பள்ளத்தில் நீர் தேங்கிய வருடம் மேட்டு நிலம் விளையும். சிதறலால் சராசரி விளைச்சல் கொஞ்சம் குறையும். ஆனால் எல்லாம் ஒரேயடியாகப் போய்ப் பட்டினி கிடக்கிற வருடம் வராது. ஆண்டீஸ் மலையில் ஒரே சமூகம் பல உயரங்களில் நிலம் வைத்திருந்ததை ஜான் முர்ரா “செங்குத்துத் தீவுக்கூட்டம்” என்று எழுதினார். கீழே மக்காச்சோளம், மேலே உருளைக்கிழங்கு, அதற்கும் மேலே லாமா மேய்ச்சல். அதை ஒரே துண்டாக்கு என்றால் எந்த உயரத்தில் ஆக்குவீர்கள்?

எல்லா இடத்திலும் சிதறல் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. வரப்பு மட்டுமே மிஞ்சுகிற அளவுக்குத் துண்டானால் அது தொல்லைதான்.

#12 · நாற்றங்கால்

வீடு வயலோரத்திலும் இருக்க வேண்டும், பக்கத்து வீடும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காதா?

#13 · தொலைவுமானி

நடக்கும். கியூபெக் படத்தைத் திறந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையைப் பாருங்கள். நாடா கிழித்தாற்போல் நீள நீளமான பட்டைகள், நீளம் அகலத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. ஒவ்வொரு பட்டையின் ஒரு முனையும் ஆற்றைத் தொடும். பிரெஞ்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் பிரித்தது. அன்று ஆறுதான் சாலை, எல்லோருக்கும் கரை வேண்டும். எல்லா வீடும் கரையோரம் வரிசையாக அமைந்ததால் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடு தூரம். பட்டையின் பின்முனை காட்டுக்குள் போய்விடும், விறகு அங்கிருந்து. கடைசி மூலைக்கு நடக்க வேண்டும் என்பதுதான் குறை.

இதற்கு நேர் எதிர் அமெரிக்காவின் 1785 நில அளவைச் சட்டம். மலை, ஆறு எதையும் பார்க்காமல் ஆறு மைல் சதுரம், அதற்குள் 36 துண்டு, ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 1862 சட்டப்படி குடியேறியவருக்கு அதில் கால் துண்டு, 160 ஏக்கர். அந்த நிலத்தில் குடியிருந்து காட்டினால்தான் சொந்தம். பிறகு எப்படி ஊர் சேரும்?

கோட்டுப்படத்துக்கு ஒரு விஷயம், வெற்று நிலம் தேடுகிறாரே! நெப்ராஸ்கா, கன்சாஸ் பக்கம் மேலிருந்து பார்த்தால் பச்சை வட்டங்கள் தெரியும். நடுவில் ஒரு அச்சு, அதைச் சுற்றி நீளக் குழாய் கடிகார முள் மாதிரி சுழன்று நீர் தெளிக்கும். ஃபிராங்க் சைபாக் 1952இல் காப்புரிமை வாங்கிய கருவி. 160 ஏக்கர் சதுரத்துக்குள் வட்டம் போட்டால் சுமார் 126 ஏக்கர்தான் நனையும். நான்கு மூலையும் காய்ந்து கிடக்கும், அல்லது மானாவாரி. அந்த மூலைகள் மண்ணாலும் ஆனவை இல்லை, சந்தையாலும் ஆனவை இல்லை. 18ஆம் நூற்றாண்டின் சதுரத்துக்குள் 20ஆம் நூற்றாண்டின் வட்டத்தைப் போட்டதில் மிஞ்சியவை.

#14 · காட்டுவழி

இழையை மேலிருந்து படித்தேன். வெற்று நிலம் என்றதும் எல்லோரும் ஒரே மாதிரி வெறுமையை நினைக்கிறீர்கள். விலைக்குக் காத்திருக்கும் நிலம் ஒரு வகை. மண் தேறட்டும் என்று விட்டிருக்கும் நிலம் வேறு. படத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

1965இல் டென்மார்க் பொருளாதார அறிஞர் எஸ்டர் போசரப் எழுதியதைப் படியுங்கள். நிலத்தை எவ்வளவு காலம் சும்மா விடுகிறார்கள் என்பதை வைத்தே அவர் வேளாண்மையை வரிசைப்படுத்தினார். காடு மீண்டும் வளர 20, 25 வருடம் விடுவது முதல் படி. புதர் வளர ஆறிலிருந்து பத்து வருடம். பிறகு ஒன்றிரண்டு வருடம். பிறகு வருடா வருடம் பயிர். கடைசியில் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று போகம். மக்கள்தொகை நெருக்கினால் இந்த இடைவெளியைக் குறைப்பார்கள், அதற்கு வேண்டிய உழைப்பையும் உத்தியையும் கண்டுபிடிப்பார்கள் என்றார். உணவு உற்பத்திதான் மக்கள்தொகைக்கு வரம்பு கட்டும் என்று 1798இல் மால்தஸ் சொன்னதற்கு நேர் எதிர்த் திசை.

அதில் எனக்குப் பிடித்த இடம் கருவிகள் பற்றியது. காடு வெட்டி எரித்த நிலத்தில் சாம்பல் மூடியிருக்கும், மண் பூப்போல இருக்கும், களை விதையும் நெருப்பில் போயிருக்கும். ஒரு குச்சியால் குத்தி விதை போட்டால் போதும். ஏர் ஓட்டவே முடியாது, அடிமரமும் வேரும் கிடக்கும். ஆனால் இடைவெளி ஒன்றிரண்டு வருடமாகச் சுருங்கினால் மரம் வராது, புல் வந்துவிடும். புல் வேரைக் குச்சியால் கிளற முடியாது, அப்போதுதான் ஏர் தேவைப்படும். ஏர் தெரியாததால் காட்டை எரித்தார்கள் என்பது தலைகீழ்ப் பேச்சு. தேவைப்படாதபோது எதற்கு மாடு வளர்த்து, தீவனம் போட்டு, ஏர் பிடித்து முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டும்?

ஜாம்பியாவில் சிட்டெமெனே என்று ஒரு முறை உண்டு. மரத்தை அடியோடு வெட்டாமல் கிளைகளை மட்டும் கழித்து, பெரிய பரப்பின் கிளைகளையெல்லாம் நடுவில் ஒரு சின்ன வட்டத்தில் குவித்து எரிப்பார்கள். பயிர் அந்தச் சாம்பல் வட்டத்தில் மட்டும். சுற்றி நிற்கிற மொட்டை மரங்கள் மறுபடி தழைக்கும். வரைபடம் போடுகிறவருக்கு வயல் அந்தச் சின்ன வட்டம்தான். விவசாயியின் கணக்கில் சுற்றியுள்ள மரங்களும் வயலில் சேர்த்தி.

#15 · புவிவகுப்பு

காட்டுவழி, கினி நாட்டுக் கதையையும் சொல்லுங்களேன். வகுப்பில் நான் எப்போதும் சொல்வது.

#16 · காட்டுவழி

சொல்கிறேன். கினியில் கிசிடூகு என்ற பகுதி. புல்வெளிக்கு நடுவே ஊர்கள், ஒவ்வொரு ஊரையும் சுற்றி வளையமாக அடர்ந்த காடு. பிரெஞ்சுக் காலனி ஆட்சிக் காலத்திலிருந்து அதிகாரிகள் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: முன்பு எங்கும் காடு இருந்தது, இந்த மக்கள் எரித்து அழித்துவிட்டார்கள், மிஞ்சியது இந்தத் திட்டுகள்தான். தீ வைத்தால் அபராதம், மரம் வெட்டினால் அபராதம் என்று விதிகள் வந்தன.

ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் இருவரும் அங்கே தங்கி ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். 1952இல் எடுத்த வான்படங்களையும் பிற்காலச் செயற்கைக்கோள் படங்களையும் அருகருகே வைத்தால் காட்டுத் திட்டுகள் குறையவில்லை, பல இடங்களில் பெருகியிருந்தன. ஊர் முதலில் புல்வெளியில்தான் அமைந்திருக்கிறது. வீட்டைச் சுற்றி மாடு மேய்ந்து புல் குறைய, தீ உள்ளே வராமல் போக, கொல்லை மண்ணில் உரம் ஏற, நட்டதும் தானாக முளைத்ததும் சேர்ந்து காடாகியிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் இதைக் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். வரைபடம் கையில் இருந்தவர்களுக்கு அது காதில் விழவில்லை.

#17 · ஏர்முனை

கினி கதை பிரமாதம், மறுப்பில்லை. ஆனால் போசரப்பை ரொம்பத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஆள் பெருகினால் உத்தி தானாக வரும் என்றால் உலகில் மண் அரிப்பே இருந்திருக்கக் கூடாது. எல்லோரும் காட்டுகிற உதாரணம் கென்யாவின் மச்சாகோஸ். 1930களில் மண் அரித்துப் பாழாகிவிட்டது என்று அரசு அதிகாரிகள் கைவிரித்த மாவட்டம். 1990 வாக்கில் மக்கள்தொகை ஐந்து மடங்குக்கு மேல், ஆனால் அரிப்பு குறைந்து, சரிவெல்லாம் படிவயல். வாய்க்கால் தோண்டி மண்ணை மேல்பக்கம் வீசி வரப்பு எழுப்புகிற “ஃபன்யா ஜூ” முறை.

சரி, அந்த வரப்பு வெட்ட ஆள் கூலி எங்கிருந்து வந்தது? நைரோபிக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள் அனுப்பிய பணம். காப்பிக்கும் பழத்துக்கும் பக்கத்திலேயே சந்தை. நைரோபி சுமார் 60 கிலோமீட்டர். அந்த நகரத்தைத் தூக்கிவிட்டு அதே மக்கள்தொகையை மட்டும் வைத்துப் பாருங்கள், படிவயல் வருமா என்று.

#18 · தொலைவுமானி

ஏர்முனை சார், நகரத்துக்கு எவ்வளவு தூரம் என்று இப்போது அளப்பது யார்? :)

#19 · ஏர்முனை

கிண்டல் வேண்டாம். குளிர்பதன லாரி வாங்க வக்கில்லாத இடத்தில் தூரம் தூரம்தான்.

#20 · மேய்ச்சல்வெளி

ஒரு சின்னச் சேர்க்கை. ஸ்பெயினில் கோடைக்கும் குளிருக்கும் ஆட்டை மலைக்கும் சமவெளிக்கும் ஓட்டிப் போகும் பாதைகள் உண்டு. பெரிய பாதைக்கு அகலம் 90 வாரா, சுமார் 75 மீட்டர். 1273இல் அரசன் பத்தாம் அல்ஃபோன்ஸோ அங்கீகரித்த ‘மெஸ்டா’ என்ற மந்தைக்காரர் சங்கம் 1836 வரை அவற்றைக் காத்தது. வருடத்தில் பெரும்பாலான நாள் அந்தப் பாதையில் யாரும் இருக்க மாட்டார்கள். 75 மீட்டர் அகலத்தில் புல் மண்டிய நிலம் நாடு முழுக்க நீளுகிறது. ஓரத்து வயல்காரர் வருடத்துக்கு ஒரு சால் உள்ளே உழுவார், சாலை போடுகிறவர் அதன் மேலேயே போடுவார். கேட்டால் “சும்மாதானே கிடக்கிறது”. 1995இல் ஒரு தேசியச் சட்டம் கொண்டுவந்து இவை பொதுச்சொத்து, விற்கவோ வளைக்கவோ முடியாது என்று மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

#21 · கோட்டுப்படம்

எல்லோருக்கும் நன்றி, கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. ஆனால் குழப்பமும் கூடிவிட்டது. விலைக்குக் காத்திருப்பது, மண் தேறுவது, வட்டத்தின் மூலை, ஆட்டுப்பாதை என்று இத்தனை வகை. நான் படத்தை மட்டும்தான் பார்க்கிறேன். எது எதென்று எப்படிப் பிரிப்பது?

#22 · புவிவகுப்பு

ஒரு படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. இருபது முப்பது வருடப் படங்களை வரிசையாகப் பாருங்கள், ஒரே வருடத்திலும் பல மாதங்களைப் பாருங்கள். பாலித் தீவில் நீர்ப்பாசனச் சங்கங்கள் பேசிவைத்து ஒரு பகுதி வயல் முழுவதையும் ஒரே நேரத்தில் காயப்போடுவார்கள், பூச்சிக்குத் தங்க இடம் இல்லாமல் போகட்டும் என்று. அந்த வாரத்துப் படம் கிடைத்தால் கைவிட்ட நிலம் என்றே எழுதிவிடுவீர்கள். 1970களில் நிறுத்தாமல் நடு என்று அதிகாரிகள் சொல்லி, அப்படியே நட்டபோது பூச்சி தாக்கித் திண்டாடினார்கள்.

காட்டுத் தரிசு என்றால் எரிந்த தழும்பு இடம் மாறிக்கொண்டே வரும், பழைய தழும்பின் மேல் பச்சை ஏறும். விலைக்குக் காத்திருக்கும் நிலத்தில் அந்தச் சுழற்சி இருக்காது. வேலியும் மண்பாதையும் முதலில் வரும், அப்புறம் ஒன்றும் நடக்காது. மரப்பயிரைத் தேடுங்கள். அதுதான் நான் மாணவர்களுக்குச் சொல்கிற முதல் வேலை. காய்க்க வருடக்கணக்கில் ஆகிற மரத்தைப் புதிதாக நட்டிருக்கிறார் என்றால் அவர் விற்பதற்குக் காத்திருக்கவில்லை.

இதற்குச் சரியான சோதனைக்கூடம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம். 1973 சட்டப்படி ஒவ்வொரு நகரமும் தனக்கு ஒரு எல்லைக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு உள்ளே கட்டலாம், வெளியே விவசாய நிலம் விவசாய நிலமாகவே இருக்க வேண்டும். போர்ட்லண்டின் மேற்கு ஓரத்தைப் பாருங்கள். வீட்டு வரிசை கத்தியால் வெட்டியது போல நிற்கும். சாலையின் மறுபக்கமே வயல், நாற்றுப்பண்ணை. அந்தப் பள்ளத்தாக்கில் ஹேசல் கொட்டைத் தோப்புகளும் உண்டு. சின்கிளேர் சொன்ன வெற்றுப் பட்டையை அங்கே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதே நாடு, அதே லாரி. கட்டலாம் என்ற நம்பிக்கையை மட்டும் சட்டம் எடுத்துவிட்டது.

#23 · ஏர்முனை

மேடம், லண்டனையும் சொல்லுங்கள். அங்கேயும் 1938 சட்டத்தில் ஆரம்பித்து, 1955க்குப் பிறகு பெரிதாக விரிந்த பசுமை வளையம் இருக்கிறது. கட்டிடம் எழுப்புவது கடினம். ஆனால் அங்கே நிறைய இடத்தில் தோப்பும் இல்லை, காய்கறியும் இல்லை. வேலி போட்டுச் சவாரிக் குதிரை கட்டியிருக்கிறார்கள். சட்டம் என்றாவது தளரும், அன்றைக்கு விற்கலாம் என்ற எண்ணம் அறுபது எழுபது வருடமானாலும் நில விலையில் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் கோடு போட்டால் மட்டும் போதாது, அந்தக் கோடு நகராது என்று நிலத்துக்காரர் நம்ப வேண்டும்.

#24 · புவிவகுப்பு

ஒரிகனிலும் கோடு அவ்வப்போது வெளியே நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இருபது வருடத் தேவைக்கு உள்ளே இடம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கோட்டுப்படம், அடுத்த வேலை உங்களுக்கு: கோடு நகரப்போகிறது என்று பேச்சு எழுந்த பகுதிகளை எடுத்து, பேச்சுக்கு முந்தைய ஐந்து வருடம், பிந்தைய ஐந்து வருடம் என்று படங்களை வைத்து, அங்கே புதுத் தோப்பு வைப்பது நின்றதா என்று பாருங்கள்.